தமிழ்ப் பேராசிரியர்க்கான தொழில்நுட்பப் பயிற்சி: பாடம் சார்ந்த அணுகுமுறையின் தேவை

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி ஆசிரியர்க்கு வழங்கப்பெறும் கற்பித்தல் தொழில்நுட்பப் பயிற்சிகள் பெரும்பாலும் எல்லாத் துறையினர்க்கும் பொதுவாக அமைகின்றன. தமிழ் இலக்கண இலக்கியப் பாடங்களைக் கணினிவழிக் கற்பிக்கும்போது எழும் சிக்கல்களோ எழுத்தின் இயல்போடும், புணர்ச்சியோடும், பதிப்போடும் பிணைந்தவை. பொதுப்பயிற்சி இவற்றைத் தொடுவதில்லை. தமிழாசிரியர்க்கு எத்தகைய பயிற்சியும் துணையும் தேவை என்பதைச் சொல்தேடல், அகரநிரல், யாப்பு அலகிடல் ஆகிய வகுப்பறைச் செயல்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆசிரியர் பயிற்சி, ஒருங்குறி, சொல்லடைவு, யாப்பு, திரைவாசிப்பான், பாடம்சார் தொழில்நுட்ப அறிவு.

முன்னுரை

தமிழ்த் துறைக்குத் தொழில்நுட்பம் புதிது என்னும் கருத்து ஆய்வுலகில் கேள்வியின்றி ஏற்கப்பட்டு வருகிறது. இக்கருத்து முழுவதும் சரியன்று. வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. ஒரு நூலின் சொற்கள் அனைத்தையும் பிரித்து, இலக்கணக் குறிப்புடன் நிரல்படுத்தி, வேண்டிய இடத்தை உடனே காணுமாறு செய்த அப்பணி, இன்று தரவகம் எனப்படுவதன் அச்சு வடிவமே. அதே 1962இல்தான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்க்குக் கற்பித்தலில் துணைநிற்க ஒரு தனி மையத்தைத் தொடங்கியது. கருவி ஓரிடத்திலும், அதைப் பயன்படுத்துவோர்க்கான துணை வேறோரிடத்திலும் தோன்றின. தமிழ்த் துறைகளில் கருவிகள் பெருகிய அளவுக்குத் துணை பெருகவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பயிற்சி அமைப்புகள்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை ஏற்படுத்தியது. தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இவை இயங்கின. பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023 முதல் மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் இவற்றின் பெயர் மாறியது. 2017இல் சுயம் இணையத்தளம் தொடங்கப்பெற்றது. அதன்வழி 2018இல் வந்த அர்பித் திட்டத்தில் ஆசிரியர் தம் பாடத்துறைக்கான புத்தொளிப் பயிற்சியை இணையத்திலேயே பயிலலாம் என்றாயிற்று.

பெயர்கள் மாறினும் ஒன்று மாறவில்லை. அறிமுகப் பயிற்சியும் புத்தொளிப் பயிற்சியும் பதவி உயர்வுக்கான தகுதிகளாகவே நிற்கின்றன. ஆகவே சான்றிதழ் பெறுவதோடு பயிற்சியின் பயன் முடிந்துவிடுகிறது. பயிற்சி பெற்றவர் அடுத்த பருவத்தில் வகுப்பறையில் எதை மாற்றினார் என்று கேட்பார் எவருமில்லை. பயிற்சியாளர் படவில்லை அமைக்கவும், மூடுல் தளத்தில் பாடத்தை ஏற்றவும், இணையத் தேர்வு வினா அமைக்கவும் சொல்லித் தருகிறார். இவை தேவையற்றவை அல்ல. இயற்பியல் ஆசிரியர்க்கும் வணிகவியல் ஆசிரியர்க்கும் தமிழாசிரியர்க்கும் ஒரே அளவில் பயன்படுபவை. ஒரே அளவில் என்பதுதான் குறை.

பாடம்சார் தொழில்நுட்ப அறிவு

லீ சுல்மன் 1986இல் ஆசிரியரின் அறிவை ஆராய்ந்தபோது, பாட அறிவும் கற்பித்தல் அறிவும் தனித்தனியே இருந்தால் போதா. குறிப்பிட்ட பாடத்தை எவ்வாறு கற்பிப்பது என்னும் கலப்பறிவே ஆசிரியரை வல்லுநரிடமிருந்து வேறுபடுத்துகிறது என்றார். புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் இதனோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்தனர். மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடமே கணினிவழிக் கற்பித்தலுக்கு இன்றியமையாதது என்பது அவர்கள் கருத்து.

இக்கோட்பாடு தமிழ்க் கல்வியியல் ஆய்வேடுகளில் பெரிதும் மேற்கோளாக வருகிறது. ஆயின் மூன்று வட்டங்களை வரைந்து விளக்குவதோடு பல ஆய்வேடுகள் நின்றுவிடுகின்றன. தொல்காப்பியமோ குறுந்தொகையோ கற்பிக்கப்படும்போது அவ்வட்டங்கள் எங்கே கலக்கின்றன என்பதைக் காட்டினாலன்றிக் கோட்பாட்டால் பயனில்லை. கீழ்வரும் பகுதிகள் அதையே செய்ய முயல்கின்றன.

எழுத்தும் குறியேற்றமும்

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாண்டு மாணவரைக் கேட்டால் த, மி, ழ் என மூன்று என்பார். ஒருங்குறி முறையில் அச்சொல் ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அகரமேறிய மெய்யை அடிப்படையாகக் கொண்டு, ஏனைய உயிர்களைக் குறியாக ஒட்டி, அகரத்தை நீக்கப் புள்ளியிடும் முறை இது. மெய்யை அடிப்படையாகக் கொண்டு அதன்மேல் உயிரை ஏற்றும் தமிழ் இலக்கண மரபுக்கு இது மறுதலையானது. எழுத்தியலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதைவிட நல்ல ஒப்பீட்டுப் பாடம் கிடைப்பது அரிது. ஆனால் குறியேற்றம் என்பது பயிற்சிகளில் தட்டச்சுச் செய்வோர்க்குரிய செய்தியாகவே கருதப்படுகிறது.

அகரநிரலிலும் இவ்வேறுபாடு வெளிப்படும். ஒருங்குறி அட்டவணையில் ற, ரகரத்தை அடுத்தும், ன, நகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண்ணைக் கொண்டு மட்டும் வரிசைப்படுத்தும் மென்பொருளில் ‘அறம்’ முன்னும் ‘அவன்’ பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கின்படி ‘அவன்’ முன்வர வேண்டும். புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பின் இடம்பெற்றிருத்தலால் ‘பகல்’ என்பதற்குப் பின்னரே ‘பக்கம்’ நிரல்படும். அகராதி மரபு இதற்கு நேர்மாறானது. தமிழுக்குரிய வரிசைமுறையைத் தெரிவு செய்தால் இக்குறை நீங்கும். அத்தெரிவு தேவை என்பதை அறியாத மாணவர், ஆய்வேட்டின் பின்னிணைப்பாகத் தரும் சொல்லடைவைப் பிழையான நிரலில் தந்துவிடுகிறார். நெறியாளர்க்கும் அது கணினி செய்த வேலை என்பதால் ஐயம் எழுவதில்லை.

யாப்பில் பிழை இன்னும் நுட்பமானது. ‘ஔ’ என்பது தனியொரு குறி. தட்டச்சு செய்வோர் பலர் அதை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒள’ என அமைத்துவிடுகின்றனர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். ‘ஔவை’ என்று தேடுபவர்க்கு ‘ஒளவை’ கிட்டாது. அது மட்டுமன்று. எழுத்தை எண்ணி அலகிடும் மென்பொருளில் ‘ஔவை’ நேர்நேர் எனத் தேமாவாகும். ‘ஒளவை’யோ இருகுறில் இணைந்து நிரைநேர் எனப் புளிமாவாகிவிடும். ஒரு சீர் பிழைபட அதனை அடுத்த தளையும் பிழைபடும். அவலோகிதம் முதலிய யாப்பாய்வு மென்பொருள்கள் வகுப்பறைக்கு வந்துவிட்ட இக்காலத்தில், விடை தவறாக வரும்போது குற்றம் பாட்டிலா, தட்டச்சிலா, மென்பொருளிலா என்று கண்டுசொல்ல வல்லவர் யாப்பறிந்த ஆசிரியரே. கணினி வல்லுநரால் அது இயலாது.

சொல்தேடலும் புணர்ச்சியும்

மின்னூல்களில் சொல்தேடுதல் மாணவர் மிகுதியாகச் செய்யும் பணி. 1998இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனமும் இதற்கு வழிவகுத்தன. தேடியது கிடைத்தது என்பதும், கிடைக்கவில்லை என்பதும் ஆய்வு முடிவுகளாக எழுதப்படுகின்றன. இரண்டாவது ஆபத்தானது.

ஒரு நூலில் ‘அறம்’ என்னும் சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று ஆராய்வதாகக் கொள்வோம். தேடற்பெட்டியில் ‘அறம்’ என இட்டால் ‘அறன்’ என்னும் போலி வடிவம் வாராது. ‘அறத்து’ எனச் சாரியை ஏற்ற வடிவம் வாராது. ‘அறஞ்’ எனத் திரிந்த வடிவமும் வாராது. இவற்றை மாணவர் ஓரளவு எதிர்பார்ப்பர். எதிர்பாராதது ‘இல்லறம்’. அங்கே நிலைமொழி ஈற்று மெய்யின்மேல் வருமொழி அகரம் ஏறிவிடுவதால், உயிரெழுத்தாகிய ‘அ’ குறியேற்றத்தில் இல்லாமலே போகிறது. ஆகவே ‘அறம்’ என்னும் தேடலுக்கு ‘இல்லறம்’ அகப்படாது. ‘றம்’ எனத் தேடினால் ‘மறம்’, ‘நிறம்’, ‘புறம்’ என வேண்டாதன வந்து குவியும். உயிரீறு, மெய்யீறு, உயிர்முதல் எனப் புணரியலில் மனப்பாடம் செய்த பாகுபாடுகள் இங்குத் தேடல் உத்திகளாகின்றன. புணரியல் எதற்கு என்று சலிக்கும் மாணவரிடம் இவ்வொரு பயிற்சியைச் செய்யச் சொன்னால் விளக்கம் வேண்டியதில்லை.

பதிப்பு வேறுபாடும் சேர்த்தெண்ணத்தக்கது. சீர்பிரித்த பாடத்தில் சொல் இடையே முறியும். சொற்பிரித்த பாடத்தில் புணர்ச்சி மறையும். எவருடைய பதிப்பு, எவ்வகைப் பிரிப்பு என்று குறிக்காத மின்பாடத்தில் எண்ணிய எண்ணிக்கைக்குப் பொருளில்லை. சுவடி ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த மரபில் வந்த மூத்த பேராசிரியர்க்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களே ‘தொழில்நுட்பம் அறியாதவர்’ என்று ஒதுக்கப்படுவது பொதுப்பயிற்சி முறையின் விளைவு. விசைப்பலகையில் விரைவின்மையை அறிவின்மையாகக் கொள்ளும் இப்போக்கு மாற வேண்டும்.

பார்வை மாற்றுத்திறன் மாணவர்

தமிழ்த் துறைகளில் பார்வை மாற்றுத்திறன் மாணவர் பயில்வது புதிதன்று. முன்பு உடன்பயில்வோர் வாசித்துக்காட்டக் கேட்டுப் படித்தனர். இன்று என்விடிஏ போன்ற கட்டணமற்ற திரைவாசிப்பான்கள் தமிழையும் வாசிக்கின்றன. ஆனால் அவை ஒருங்குறிப் பாடத்தையே வாசிக்கும். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைபவை. அவற்றில் அமைந்த பாடக்குறிப்பைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகவே ஒலிக்கும். நூற்பக்கத்தை ஒளிப்படமாக எடுத்து அனுப்பினாலோ எதுவும் ஒலிக்காது. ஆசிரியர் தாம் குறிப்பு வழங்கிவிட்டதாகவே நம்புகிறார். மாணவர்க்கு அது வந்தும் வாராததாகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கல்வியில் அணுகல்தன்மையை வலியுறுத்துகிறது. பயிற்சியில் அரைமணி நேரம் ஒதுக்கி, ஆசிரியர் தாம் வழங்கிய குறிப்பைத் திரைவாசிப்பானின் வழித் தாமே கேட்குமாறு செய்தல் போதும்.

பயிற்சிக்குப் பின்

பயிற்சி முடிந்த மறுவாரம் எழும் ஐயத்தைத் தீர்ப்பவர் யார் என்பதே நடைமுறையில் முதன்மையான வினா. பெரும்பாலான துறைகளில் அவர் முனைவர் பட்ட ஆய்வாளராக இருக்கிறார். படவில்லை அமைத்தல், வினாத்தாளை ஒருங்குறிக்கு மாற்றல், காணொலி ஏற்றல் ஆகியன அன்பின் பேரிலும் கடமையின் பேரிலும் அவரிடம் வருகின்றன. பணியேட்டில் இதற்கு இடமில்லை. அவர் பட்டம் பெற்றுச் சென்றதும் கற்றதும் அவருடன் போய்விடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். பேராசிரியர் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் இதனால் தடைபடுகிறது. இப்பணியை வாரத்துக்கு இத்தனை மணி என வரையறுத்து, உதவித்தொகையுடன் கூடிய பொறுப்பாக்கி, செய்தவற்றைத் துறைக் கையேடாக எழுதிவைக்கச் செய்தால் இருதரப்பும் பயன்பெறும்.

பயிற்சியை ஒருவரே நடத்துவதும் ஏற்றதன்று. தமிழாசிரியர் ஒருவரும் கணினி வல்லுநர் ஒருவரும் இணைந்து, பங்கேற்பாளர் அடுத்த பருவத்தில் நடத்தவிருக்கும் ஒரு பாடத்தையே எடுத்துக்கொண்டு அமைக்க வேண்டும். சுயம் பாடங்களுக்குரிய காணொலி, எழுத்துப்பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு என்னும் நான்கு கூறுகளும் அப்பாடத்திற்கு எவ்வாறு பொருந்தும் என்று பார்க்கலாம். கலித்தொகைக்குப் பொருந்துவது சொற்பொருண்மையியலுக்குப் பொருந்த வேண்டியதில்லை. சான்றிதழை வருகைப் பதிவுக்கு வழங்காமல், அப்பாடம் வகுப்பில் நடத்தப்பெற்ற பின் வழங்கலாம்.

இவற்றினும் விரைந்து செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தாம், தாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அறிவிக்கப்பட்டன; 2010இல்தான் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறிமுறையையும் தரமாக ஏற்றது. இவ்விடைக்காலத்திலும் அதற்கு முன்னரும் பேராசிரியர்கள் உருவாக்கிய பாடக்குறிப்புகளும், உரை விளக்கங்களும், களஆய்வுப் பதிவுகளும் பல்வேறு எழுத்துருக்களில் குறுவட்டுகளில் உள்ளன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் முதலிய மாற்றிகள் அவற்றைப் பெருமளவு மீட்டுத்தரும். எனினும் ளகரமும் ஔகாரக் குறியும் மயங்கிய இடங்களிலும், எழுத்துருவில் இல்லாத குறியை எழுதியவர் வேறொன்றால் ஈடுசெய்த இடங்களிலும் எது சரியான பாடம் என்று எழுதியவரே கூற முடியும். ஓய்வுபெறவிருக்கும் பேராசிரியர் ஒவ்வொருவருடனும் துறை ஆய்வாளர் ஒருவர் அமர்ந்து, அக்கோப்புகளைத் திறந்து, மாற்றி, அவர் முன்னிலையிலேயே மெய்ப்புப் பார்த்துத் துறை நூலகத்தில் சேர்த்தல் வேண்டும். இதற்கு ஒரு பருவகாலம் போதுமானது. ஓய்வு நாளுக்கு முந்தைய பருவமாக அது இருத்தல் வேண்டும்.