ஆனேக்கல்லிலிருந்து டெக் மாநாட்டுக்கு

மாதாவராவில் உள்ள பிஐஇசி அரங்கில் மாநாடா? ஆனேக்கல்காரருக்கு அது பெங்களூரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. காரை எடுக்காதீர்கள், சில்க் போர்டு ஜங்ஷனைத் தாண்டுவதற்குள் முதல் உரை முடிந்துவிடும். சந்தாபுரா வழியாக பொம்மசந்திரா போய், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவைப் பிடியுங்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் மாதாவரா வரை ரயில்தான். மாநாடு நிம்ஹான்ஸ் கன்வென்ஷன் சென்டரில் என்றால் ஓசூர் ரோடு பஸ்ஸே போதும்.

நுழைவு க்யூஆர் கோடை முந்தின இரவே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்; கூட்டம் நெரியும் வாசலில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். பிளக் பாயிண்ட் பெரும்பாலும் சுவரோரம்தான். லேப்டாப்புக்காக முன்வரிசையை விட்டுக்கொடுக்கலாம், தப்பில்லை. இலவச டி-சர்ட்டை ஒரு சைஸ் பெரிதாகக் கேளுங்கள், முதல் சலவையிலேயே சுருங்கும். ராத்திரி ஆனேக்கல் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.