குப்பைமேடு பூங்காவானது எப்படி? வறண்ட நிலத்தில் பொதுத் தோட்டம் அமைப்போருக்கான பாடம்

ஊருக்குப் பொதுத் தோட்டம் வேண்டும் என்றால் யாரும் மறுப்பதில்லை. கன்று வாங்கித் தர ஆள் கிடைக்கும். நடும் நாளில் கூட்டமும் சேரும். சிக்கல் அடுத்த சித்திரை வெயிலில்தான் தொடங்குகிறது. ஆள் இருந்தால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இருந்தால் ஆள் இல்லை என்று கன்றுகள் கருகுகின்றன. அடுத்த முறை நன்கொடை கேட்டுப் போகும்போது கொடுத்தவர் முகம் சுளிக்கிறார்.

வறண்ட பூமியில் நிலைத்து நிற்கும் பூங்காவை அமைக்க நினைப்போர் எகிப்துத் தலைநகர் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பூங்காவைப் பற்றி அறிய வேண்டும். கெய்ரோவின் ஆண்டு மழை 30 மில்லிமீட்டருக்கும் குறைவு. பழைய நகரின் ஓரத்தில் சுமார் 500 ஆண்டுகளாகக் குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்டு மேடாகிப்போன 30 ஹெக்டேர் நிலம் அது. அங்கே பூங்கா அமைக்கும் திட்டத்தை ஆகா கான் 1984-இல் அறிவித்தார். அது மக்களுக்குத் திறக்கப்பட்டது 2005-இல். இருபது ஆண்டுகள் ஏன் பிடித்தன என்பதில்தான் பாடமே இருக்கிறது.

1. நிலத்தை முதலில் அறிய வேண்டும்

அந்த மண்ணில் உப்பு மிகுதி. அப்படியே நட்டிருந்தால் எதுவும் பிழைத்திருக்காது. மேட்டிலிருந்து பல லட்சம் கன மீட்டர் மண்ணும் இடிபாடும் அகற்றப்பட்டன. பிறகு பக்குவப்படுத்திய மண் அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை பரப்பப்பட்டது. தோண்டும்போது சுல்தான் ஸலாஹுத்தீன் காலத்தில் தொடங்கப்பட்ட கோட்டைச் சுவரும் வெளிப்பட்டது. அதையும் சீர்செய்து பூங்காவின் எல்லையாக்கினார்கள்.

இடையில் நகரின் குடிநீருக்காக அதே நிலத்தில் மூன்று பெரிய தொட்டிகள் கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் 80 மீட்டர் விட்டம். திட்டத்தைக் கைவிடாமல், தொட்டிகளையும் உள்ளடக்கிப் பூங்காவின் வரைபடத்தை அமைத்தார்கள்.

2. மண்ணுக்கு ஏற்ற செடி

அழகுக்காக வெளியூர்ச் செடியை வாங்கி வந்து நடவில்லை. நாற்றங்கால் அமைத்து, அந்த மண்ணையும் வெயிலையும் தாங்குபவை எவை என்று பார்த்து, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகளையும் மரங்களையும் வளர்த்தெடுத்தார்கள். மேற்குச் சரிவில் குறைந்த நீரில் வாழும் சதைப்பற்றுள்ள செடிகள். புல்வெளியும் பழத்தோட்டமும் வேறு பகுதிகளில். ஒரே அளவு நீர் கேட்கும் செடிகளை ஓரிடத்தில் சேர்த்து நட்டால், வீணாகும் தண்ணீர் பெருமளவு குறையும்.

3. பராமரிப்புக்கு வருமானம்

நுழைவுக் கட்டணமும் உணவகங்களும் பூங்காவின் செலவுக்கு வழிசெய்கின்றன. நம் முன்னோர் பள்ளிவாசல் கட்டியதோடு நில்லாமல், அதன் செலவுக்கு நிலமும் கடையும் வக்ஃப் செய்து வைத்ததும் இதே கணக்குத்தான்.

4. பக்கத்து மக்கள்

பூங்காவை ஒட்டிய தர்ப் அல்-அஹ்மர் ஏழை எளியோர் வாழும் பகுதி. அவர்களை ஒதுக்கிவிட்டு வேலி போடவில்லை. வீடுகளைப் பழுதுபார்க்க உதவியும், தொழிற்பயிற்சியும், சிறுகடனும், பூங்காவிலேயே வேலையும் கிடைக்கச் செய்தார்கள்.

நாம் போட வேண்டிய கணக்கு

நம்மிடம் 30 ஹெக்டேர் இல்லை. ஆனால் பள்ளிவாசல், மதரஸா, மையவாடி ஓரங்களில் 100 கன்றுகளுக்கு இடம் இருக்கும். ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை 10 லிட்டர் என்றால், வாரத்துக்கு 2,000 லிட்டர் வேண்டும். அதற்கு எங்கே போவது?

ஒளுச் செய்யும் இடத்தைப் பாருங்கள். நாளொன்றுக்கு 100 பேர் ஒளுச் செய்து, ஆளுக்கு 3 லிட்டர் வழிந்தோடினால், வாரத்துக்கு 2,100 லிட்டர். சாக்கடைக்குப் போகும் அந்த நீரைச் சிறு தொட்டியில் தேக்கிக் கன்றுகளுக்குத் திருப்பினாலே போதும். மாலையில் ஊற்றி, தூரில் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் போகாது.

ஆகவே, கன்று வாங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிவையுங்கள்: மண் எப்படிப்பட்டது? கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும்? மூன்று ஆண்டுகள் கவனிப்பவர் யார்? அவருக்குக் கூலி எதிலிருந்து? இந்த நான்கிற்கும் விடை கிடைத்தபின் நடப்படும் பத்துக் கன்றுகள், விடையின்றி நடப்படும் நூறைவிட மேல்.