நாணயத்தை நாணயமாகப் படம் பிடிப்போம்



நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றது நேர்மை. இவை இரண்டும் ஒரே சொல்லுக்குள் ஏன் குடியிருக்கின்றன என்பதைச் சென்ற வருடம் ஒரு பழைய ஒரு சதக் காசு எனக்குக் கற்றுத் தந்தது. அந்தப் பாடத்தையும், அதனோடு நான் பழகிக்கொண்ட படம் பிடிக்கும் முறையையும் இங்கே எழுதுகிறேன்.

உம்மாவின் அப்பா பழைய மஸ்கெலியா நகரில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் அந்த நகரம் நீருக்குள் போனது. எங்கள் குடும்பம் நல்லதண்ணிக்கு வந்தபோது கடையிலிருந்து கூடவே வந்த பொருள்களில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி மட்டுமே. அதற்குள் காசுகள்: விக்டோரியா மகாராணியின் தலை பதித்த செப்புச் சதம், சதுர ஐந்து சதம், விளிம்பு வளைந்து வளைந்து செல்லும் பத்து சதம், இரண்டொரு வெள்ளி ஐம்பது சதம்.

இலங்கையில் ரூபாய், சதம் என்ற கணக்கு 1872 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கென அடித்த முதற் செப்புக் காசுகளில் 1870 என்றே ஆண்டு பொறித்திருக்கும். மறுபக்கத்தில் ஒரு தாளிப்பனை. காசின் பெறுமதி தமிழிலும் சிங்களத்திலும். கோப்பி அழிந்து தேயிலை வந்த காலம் முழுவதும் இந்தச் சதங்கள்தான் தோட்டத்துக் கைகளில் புழங்கின. 1927ஆம் ஆண்டின் சம்பளச் சட்டத்தை ஒட்டி மலையகத்தில் நிர்ணயித்த ஒரு நாள் கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். முந்தானையில் முடிந்து கடைக்கு வந்த ஒவ்வொரு சதமும் எத்தனை கொழுந்துக்கு ஈடு என்று எண்ணிப் பாருங்கள்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. தகரம் மாற்றுவதற்காகச் சில காசுகளை விற்க வாப்பா தீர்மானித்தார். காசு சேகரிக்கும் கொழும்புக்காரர் ஒருவர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னார். இரவில், மஞ்சள் மின்குமிழின் கீழ், 1870 சதத்தை நான்தான் படம் பிடித்தேன். கபில நிறக் காசு செக்கச்செவேலென்று மின்னியது. அழகாக இருக்கிறதே என்று நிறத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். உம்மும்மா பார்த்துவிட்டு, "இது ஆருட காசு மகள்?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

செப்புக் காசு அச்சிலிருந்து வரும்போது சிவப்பு. கைபட்டுக் காற்றுப்பட்டு வருடங்கள் போனால் செங்கபிலமாகி, பிறகு கபிலமாகும். சிவப்பு மாறாத பழைய காசு அபூர்வம் என்பதால் அதற்கு விலை பல மடங்கு. அவர் அந்த விலையையே அனுப்பினார். காசு கைக்குக் கிடைத்த அன்று வாப்பாவுக்கு அழைப்பு வந்தது. கோபப்படவில்லை. "காசுல பிழை இல்ல, போட்டோவிலதான் பிழை" என்றார். வாப்பா பணத்தைத் திருப்பி அனுப்பினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தானியக் குவியலின் ஈரமான பகுதியை உள்ளே மறைத்து, காய்ந்ததை மேலே காட்டி விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாமெல்லாரும் படித்ததுதான். நான் மறைத்தது ஈரத்தை அல்ல, கபிலத்தை. தெரியாமல் செய்தது பாதி. அழகுக்காகத் தெரிந்தே கூட்டியது மீதி. ஆகவே முறையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

முதற் பாடம்: ஒளிக்கும் நிறம் உண்டு

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். பழைய மஞ்சள் மின்குமிழ் ஏறத்தாழ 2700 கெல்வின், நடுப்பகல் வெயில் 5500, மேகமூட்டம் 6500 அளவு. நமது மூளை இந்த வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். கெமராவுக்கு நாம்தான் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதற்கான அமைப்பு வைட் பலன்ஸ். அதைத் தானியக்கத்தில் விட்டால், படம் முழுவதும் செம்பாக இருக்கும்போது கெமரா "ஒளிதான் சிவப்பு" என்று எண்ணிச் சிவப்பைக் குறைத்துவிடும். காசு சாம்பல் பூத்துப்போகும்.

தீர்வு இலகுவானது. கல்யாணப் படம் எடுக்கும் ஒருவரிடம் சாம்பல் நிற அட்டையொன்றை இரவல் வாங்கினேன். அதைக் காசின் இடத்தில் வைத்து, திரையிலும் அது வெறும் சாம்பலாகத் தெரியும்வரை கெல்வின் எண்ணை மாற்றி, அப்படியே நிறுத்திவிட்டுக் காசை வைக்கவேண்டும். வெள்ளைத் தாள் அவ்வளவு நம்பகமானதல்ல. அதை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் பொருள் நீலச் சாயலைத் தரும். யன்னல் ஒளியையும் மின்குமிழையும் கலக்கவே வேண்டாம். ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாகிவிடும்.

நிறம் ஏன் முக்கியம்? சதுர ஐந்து சதம் 1909 முதல் செம்பும் நிக்கலும் கலந்த வெண்ணிறக் காசு. யுத்த காலத்தில், 1942 முதல், அது நிக்கல் பித்தளையால் ஆன மஞ்சள் காசானது. என் பழைய முறையில் படம் எடுத்தால் இரண்டும் ஒரே மஞ்சள். ஒரு யுத்தமே படத்திலிருந்து காணாமல் போய்விடும்!

இரண்டாம் பாடம்: ஒளி வரும் திசை

காசு ஒரு சிறிய ஆடி. படுகோணமும் தெறிகோணமும் சமன் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்தோமே, அதேதான் இங்கும். கெமராவின் பிளாஷ் நேராகப் பட்டு நேராகத் திரும்பி, ராணியின் முகத்தில் வெள்ளைப் பொட்டாக விழும். மெதுவான ஒளியே வேண்டும். நல்லதண்ணியில் அதற்குச் செலவில்லை. மூடுபனி இறங்கிய காலை யன்னலைவிடச் சிறந்த ஒளி எனக்குக் கிடைக்கவில்லை. பனி இல்லாவிட்டால் இரண்டு விளக்குகளைக் கடிகாரத்தின் 10, 2 மணித் திசைகளில் உயரமாக வைத்து, முன்னால் எண்ணெய்த்தாள் பிடிக்கலாம். இரண்டும் ஒரே வகை விளக்காக இருக்கட்டும்.

பக்கவாட்டில் தாழ்வாக வரும் ஒளி தேய்ந்த எழுத்தைக் காட்டும். ஆனால் கீறலைப் பெரிதாக்கும், நிறத்தை இருட்டாக்கும். உயரத்திலிருந்து வரும் ஒளி நிறத்தை உள்ளபடி காட்டும். எழுத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என இரண்டு படம் எடுப்பது நல்லது.

மூன்றாம் பாடம்: அசையாத கெமரா

கைபேசியைக் காசுக்கு மிக அருகே கொண்டுபோனால் வட்டம் கோணும், கைபேசியின் நிழலும் விழும். சற்று விலக்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுக்கவேண்டும். சமாந்தரமாக இருக்கிறதா என்று அறிய ஒரு வழி: காசின் இடத்தில் சிறு முகக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வில்லையின் விம்பம் திரையின் நடுவில் தெரிந்தால் சரி. நான் புத்தக அடுக்குகள் இரண்டின் மேல் கைபேசியை வைத்து, இரண்டு செக்கன் கழித்து எடுக்கும்படி அமைத்தேன்.

நான்காம் பாடம்: காசைத் தேய்க்காதீர்கள்

புளி, தேசிக்காய், சாம்பல் எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், பெறுமதி போகும். போன மேற்பரப்பு திரும்பி வராது. காசின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். படத்தை வெட்டிச் சீராக்கலாம், நிறத்தைக் கூட்டக்கூடாது. திரையில் இரவு நேர மஞ்சள் வடி இயங்கினால் நிறுத்திவிட்டு, அதே யன்னலருகே காசையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு பக்கத்தையும் காட்டுங்கள். கீறல் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

இம்முறைப்படி எடுத்த படங்களை அதே கொழும்புக்காரருக்கு அனுப்பினேன். சதத்தைக் கபில விலைக்கு வாங்கினார். ஐந்து தகரம் மாற்ற நினைத்திருந்தோம். மூன்றுதான் மாற்ற முடிந்தது. மற்ற இரண்டின் கீழ் இன்னும் வாளி வைக்கிறோம்.

அனுப்புமுன் படத்தை உம்மும்மாவிடம் காட்டினேன். கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "இதுதான் எங்கட கடைச் சல்லி" என்றார்.