பூனைக்குத் தேன் எதற்கு?

அன்புள்ள யாழினி,

மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தும் மணி நுரைநுரையாகத் துப்புகிறான், பிடிவாதக்காரன் என்று எழுதியிருந்தாய். பழியை அவன் தலையில் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தத் தேன் யோசனையை இன்னும் எத்தனை பேர்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்களோ!

பூனைக்கு இனிப்பே தெரியாதம்மா. தேன், கருப்பட்டி, சர்க்கரைப் பாகு எல்லாம் அதற்கு வெறும் பிசுபிசுப்புதான். 2005இல் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தின் சியா லி குழுவினர் இதற்கான காரணத்தைக் கண்டு எழுதினார்கள். அந்தக் கட்டுரையை இன்றும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன். நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்து அமைவது. அதில் ஒரு புரதத்துக்கான மரபணுவில், பூனைக்கு 247 எழுத்துகள் விடுபட்டுக் கிடக்கின்றன. புரதமே உருவாவதில்லை. புலியையும் சிவிங்கிப்புலியையும் சோதித்தார்கள். அவற்றுக்கும் அதே குறை. ஆனால் கசப்பை உணரும் ஏற்பிகள் பூனைக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. நீ மாத்திரையைப் பொடித்ததில் கசப்பு வாய் முழுக்கப் பரவிற்று; தேன் அதை அங்கேயே ஒட்டி வைத்தது. பாவம், அவன் நுரை தள்ளாமல் என்ன செய்வான்? அந்த நுரை கசப்புக்குச் சுரந்த எச்சில். விஷம் ஏறிவிட்டது என்று பாட்டி பயந்தாராமே, பயப்பட வேண்டாம் என்று சொல்.

தலைமுறை தலைமுறையாக இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த குலம். பழத்தின் இனிப்பும் தேவைப்படவில்லை, செடிகொடிகளின் நச்சை முறிக்கும் வேலையும் அதிகம் இருக்கவில்லை. அதனால் இரண்டு திறன்களும் தேய்ந்துபோயின என்பது என் கணிப்பு. இதைச் சும்மா சொல்லவில்லை. பாரசிட்டமாலை மாற்றி வெளியேற்ற உதவும் ஒரு நொதியின் மரபணுவும் பூனைக்குச் செயலற்றது. நமக்குச் சாதாரணமான ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையின் உயிரையே எடுத்துவிடும். இரத்தம் பழுப்பாகும், ஈறு நிறம் மாறும், முகம் வீங்கும். 'குழந்தைக்குக் கொடுக்கிற அளவுதானே' என்று கால் மாத்திரை கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. நீயாவது கேள்: வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் மணிக்குக் கொடுக்காதே.

நம் வைத்தியர்கள் மருந்துக்கும் நோயாளிக்கும் ஏற்ப, மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானத்தை மாற்றுவார்கள். தேனும் உண்டு, வெண்ணெயும் உண்டு. பூனைக்கு உகந்தது வெண்ணெய்தான். மாத்திரையைப் பொடிக்காமல் உப்பில்லாத வெண்ணெயை மெல்லப் பூசு. கசப்பு மறையும், வழுக்கிக்கொண்டும் போகும். பால் மட்டும் வேண்டாம். மணிக்கு எழுதிக் கொடுத்திருப்பது டாக்ஸிசைக்ளின். பாலிலுள்ள கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முதலில் மீனில் ஒளித்துப் பார். வேகவைத்த மீனை மூன்று சின்ன உருண்டையாகப் பிடி. முதல் உருண்டை வெறும் மீன், இரண்டாவதில் மாத்திரை, அதை விழுங்கும் முன்பே மூன்றாவதைக் கண்ணில் காட்டு. தினசரிச் சாப்பாட்டில் கலக்காதே. சந்தேகம் வந்து சாப்பாட்டையே வெறுத்துவிட்டால் ஆபத்து. கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு அடைந்துவிடும்.

அதற்கும் மசியவில்லையென்றால் கையால்தான் கொடுக்க வேண்டும். பழைய துண்டால் கழுத்துவரை சுற்றி, முதுகு உன் வயிற்றில் படும்படி உட்காரவை. இடது கையைத் தலைமேல் வைத்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் கன்ன எலும்புகளைப் பிடித்து மூக்கை மேலே தூக்கு. கீழ்த்தாடை தானாகவே தளரும். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் மாத்திரை இருக்கட்டும். நடுவிரலால் கீழ் வெட்டுப்பற்களை அழுத்தினால் வாய் திறக்கும். நாக்கின் அடிப்பகுதியில், நட்டநடுவில் மாத்திரையைப் போடு. நுனியில் போட்டால் துப்பத்தான் செய்வான். வாயை மூடித் தொண்டையைத் தடவு. மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டான்.

இங்கேதான் பலர் கைகழுவிவிட்டுப் போய்விடுகிறார்கள். டாக்ஸிசைக்ளின் வறண்ட உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புண்ணாகும். புண் ஆறி வடுவானால் குழாயே சுருங்கிவிடும். அதனால் மாத்திரைக்குப் பின்னால் ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர் கொடு. கோரைப்பல்லுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில் சிரிஞ்சின் முனையை நுழைத்து, ஒரு மில்லிக்கு மேல் போகாமல் விட்டு விட்டு அழுத்து. தண்ணீர் கொடுக்கும்போது தலையைத் தூக்கிப் பிடிக்காதே, நுரையீரலுக்குள் போய்விடும்.

இத்தனைக்கும் அவன் உன்னைப் பிறாண்டினால் நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே. நீர்மமாகவோ ஊசியாகவோ மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேள். அம்மாவிடமும் சொல்லிவை: குழம்பு மீன் கொடுக்கக் கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். குழம்பில் போடும் முன்பே இரண்டு துண்டு எடுத்து, முள் நீக்கித் தனியே வேகவைத்துத் தரட்டும்.

அன்புடன்,
பெரியப்பா