போகிப் புகையும் ஒரு தூய அறையும்

புதுப்பட்டினம், கல்பாக்கம் எனக் கடலோரத்தில் வாழும் நமக்குப் பிற்பகலில் கடற்காற்று துணைசெய்கிறது. ஆனால், மார்கழி, தை விடியற்காலைகளில் காற்று அசையாது நிற்கும். குளிர்ந்த காற்று நிலத்தோடு படிவதால் புகை மேலெழுவதில்லை. 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்து தடைபட்டது இப்படித்தான். கடும் ஆஸ்துமா உடையவருக்கு அத்தகைய விடியல் உயிருக்கே இடராகலாம்.

தீங்கு செய்வது எது?

புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் உள்ளன. தலைமயிரின் பருமன் இவற்றைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு. மூக்கில் தங்காமல் இவை நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. ஒரு கனமீட்டர் காற்றில் இவற்றின் 24 மணிநேரச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது இந்திய வரையறை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு 15.

முதற்படி: புகையை விலக்குதல்

கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம் ஆகியவற்றை நோயாளியின் அறையில் ஏற்றாதீர்கள். கொசுவலையே போதும். வடிகட்டி துகளைப் பிடிக்கும். வாயுக்களை அது பிடிப்பதில்லை. ஆகவே இப்படியைத் தாண்டி அடுத்ததற்குச் செல்ல வேண்டாம்.

இரண்டாம் படி: வீட்டு வடிகட்டி

அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் ஆகியோரின் பெயரால் 2020இல் ஓர் எளிய பெட்டி பரவியது. நான்கு சதுர வடிகட்டிகள் சுவர்கள், அடியில் அட்டை, மேலே, காற்றை மேல்நோக்கி வீசும் பெட்டி விசிறி. இடைவெளிகள் அனைத்தையும் ஒட்டுநாடாவால் அடைக்க வேண்டும். வடிகட்டியிலுள்ள அம்புக்குறி உள்நோக்கி இருத்தல் வேண்டும். பரப்பு மிகுதியாவதால் விசிறிக்குச் சுமை குறைகிறது.

பெட்டி விசிறி கிடைக்காவிடில், மேசை விசிறியின் முன்புறம் தட்டையான ஹெப்பா வடிகட்டியை இறுகக் கட்டலாம். காற்றோட்டம் குறையுமாதலால் இது சிறிய படுக்கையறைக்கே ஏற்றது. கதவு, சன்னல்களை மூடியே இயக்குங்கள். மோட்டார் சூடேறுகிறதா என முதல் நாள் விழித்திருந்து பாருங்கள், சூடேறினால் நிறுத்திவிடுங்கள். ஓசோன் வெளியிடும் கருவிகள் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். அவற்றை வாங்க வேண்டாம்.

பயணத்தின்போது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் செல்கையில் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். பேருந்தில் முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள். கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. மூச்சுத்திணறல் தோன்றினால் கவசத்தைக் கழற்றிவிடுங்கள். இன்ஹேலரை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாமல் கைப்பையிலேயே வையுங்கள்.

ஸ்பேசர் இல்லாத நேரத்தில், அடியில் இன்ஹேலர் வாய் இறுகப் பொருந்துமாறு துளையிட்ட 500 மில்லி பிளாஸ்டிக் புட்டி உதவும். ஆஸ்துமா தாக்கிய குழந்தைகளிடம் தென்னாப்பிரிக்காவில் செய்து 1999இல் வெளியான ஆய்வில், இது கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இணையாகப் பயன்பட்டது. செய்முறையை மருத்துவமனையில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நினைவிற் கொள்க

தூய அறை மருந்துக்கு மாற்றன்று. அன்றாடத் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். முழு வாக்கியம் பேச இயலாமை, விலா எலும்புகளிடையே தசை உள்ளிழுத்தல், உதடு நீலமாதல், இன்ஹேலருக்குப் பின்னும் தணியாமை: இவற்றுள் ஒன்று தோன்றினும் நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, மருத்துவர் எழுதித் தந்தபடி இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள்.