பல்லின் வேர்

முல்லையரும்பென்றும் முத்துக்கோவையென்றும் புலவர் பலகாலும் பாராட்டியது பல்லின் வெளித்தோற்றத்தையேயாம். நன்னூலார் தகர நகரங்களின் பிறப்பிடம் கூறுமிடத்து மேற்பல்லின் அடிவரை சென்றார், ஈறுக்குள் இறங்கினாரல்லர். அஃது இலக்கணத்தின் வேலையுமன்று. ஆயினும், ஈறுக்குள் மறைந்து கிடக்கும் வேரினைப்பற்றி யாம் சிறிது கற்க நேர்ந்தது எம் விடுதித் தோழர் ஒருவரின் பல்வலியால். அவருக்குக் கீழ்த்தாடையின் முதற் பெருங்கடைவாய்ப்பல் சொத்தையாயிற்று. மக்கள் 'ரூட் கெனால்' என வழங்கும் வேர்ச் சிகிச்சையைச் செய்துகொண்டார். திங்கள் மூன்று கழிந்தும் நோய் தீர்ந்திலது. தேர்வுக்காலத்து இரவுகளில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் தாழ்வாரத்தில் உலாவக் கண்டோம். பல்லைப் பிடுங்கிவிடலாமென்ற பேச்சும் எழுந்தது.

வேர்தோறும் உள்ளே நுண்ணிய குழல் உண்டு. நரம்பும் குருதிக்குழாயும் அதன் வழியே தாடையினின்று ஏறிப் பல்லின் நடுவிலுள்ள கூழினை அடைகின்றன. சொத்தை அக்கூழைத் தொட்டபின் மருத்துவர் குழல் அனைத்தையும் துடைத்து அடைத்தல் வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அதனுள் கிருமிகள் தங்கி, நோய் மீளும்.

குழல் எத்தனை? நூல்கள் கூறும் பொதுவிதி இது: அப்பல்லுக்கு வேர் இரண்டு, முன்னொன்று பின்னொன்று, குழல் பெரும்பாலும் மூன்று, முன்வேரில் இரண்டும் பின்வேரில் ஒன்றும். விதிக்குப் புறனடை உண்டென்பது தமிழ் மாணவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. சிலர்க்கு நாவின் பக்கமாகப் பின்புறத்தே மூன்றாம் வேரொன்று மெலிந்து வளைந்து இறங்குகின்றது. கராபெல்லி என்பாரது நூல் 1844இலேயே இதனைக் குறித்தது. ஐரோப்பியரிடத்தும் ஆப்பிரிக்கரிடத்தும் இது 100க்கு 5க்குக் குறைவு. சீனர், எஸ்கிமோவர் முதலியோரிடத்து 5க்கு மேற்பட்டு, சில கூட்டங்களில் 30ஐயும் கடக்கின்றது. சிங்கப்பூரில் பல்மருத்துவம் கற்பித்த டிராட்மன் 1938இல் பல இனத்தார் பற்களை ஒப்பிட்டு, சீனர், மலாய்க்காரர், சாவகர் ஆகியோரிடத்து இவ்வேர் மிகுதியென்றும் இந்தியரிடத்து அரிதினும் அரிதென்றும் எழுதினார்.

இவ்விடத்திலேதான் எம் தோழரின் கதை வந்து சேர்கின்றது. நேர்ப்பக்கத்தினின்று எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் மூன்றாம் வேர் பின்வேரின் நிழலில் ஒளிந்துகொள்ளும். இரண்டாவதாக அவரைப் பார்த்த மருத்துவ அம்மையார் கோணத்தைச் சற்றே மாற்றிப் படமெடுத்தார். ஒளிந்திருந்த வேர் வெளிப்பட்டது. தோழரோ திருநெல்வேலிச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்! டிராட்மன் கண்ட விகிதத்தினும் மிகுதியான விகிதங்களைப் பின்வந்த இந்திய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன என்று அவ்வம்மையார் கூறியதைப் பின்னர் யாமும் படித்தறிந்தோம். விகிதம் கூட்டத்திற்கு உரியது. நாற்காலியில் வாய்திறந்து கிடப்பவனோ ஒருவன். பிறப்பைக் கேட்டு வேரை எண்ணுதல் கூடாதென்பது எம் துணிபு. ஆனால் விகிதம் பயனற்றதென்று யாம் சொல்லவில்லை. எங்கே தேடவேண்டுமென்பதை அது சொல்லும். தேடாமலிருக்க அனுமதி தருவதில்லை.

அடுத்த கடைவாய்ப்பல்லில் வேறொரு விந்தை உண்டு. வேரிரண்டும் பிரியாது ஒருபக்கம் ஒட்டிக்கொள்ள, குழல்களும் தனித்தனியே நில்லாமல் ஒன்றோடொன்று கூடிப் பிறைவடிவான பிளவாகின்றன. குக், காக்ஸ் என்னும் இருவர் 1979இல் இதனை மருத்துவர்க்கு விளக்கினர். கொரியரிடத்தும் சீனரிடத்தும் 100க்கு 30க்கு மேலும், ஐரோப்பியரிடத்து 10க்குக் குறைவாகவும் இது காணப்படும். பிறையின் உட்புறச் சுவர் மெல்லியது. கருவியைச் சற்று அழுத்தினால் துளைத்துவிடும்.

இவ்வேற்றுமைக்கு வித்து, பல் முளைக்குங்காலத்தே உள்ளது. ஹெர்ட்விக் பெயரால் வழங்கும் மெல்லுறையொன்று வளரும் பல்லின் அடியைச் சூழ்ந்து நிற்கும். அவ்வுறையின் விளிம்பினின்று நாக்குகள்போல் மடிப்புகள் உள்நோக்கி நீண்டு நடுவே கூடுமாயின், எத்தனை வாயில்கள் அமைந்தனவோ அத்தனை வேர்கள். ஒருபக்கத்து மடிப்பு நீளாதொழியின் பிறை. இம்மடிப்புக்களின் போக்கில் மரபுக்குப் பெரும்பங்குண்டு. அதனாலேயே குடிகளின் பழஞ்சுவடு வேரில் தங்குகின்றது. மேல்தாடையின் முதற் சிறுகடைவாய்ப்பல்லும், ஆப்பிரிக்கரிடத்துப் பெரும்பாலும் இருவேருடையதாயும், கிழக்காசியரிடத்துப் பெரும்பாலும் ஒருவேருடையதாயும் இருக்கும்.

சுவடு என்றோம். அமெரிக்க மானுடவியலார் டர்னர் 1971இல் மூன்றாம் வேரைக்கொண்டே அமெரிக்கப் பழங்குடிகளின் வருகையை ஆராய்ந்தார். அலூத்தியத் தீவினரிடத்தும் எஸ்கிமோவரிடத்தும் அது மிகுதி. தெற்கேயுள்ள மற்றைப் பழங்குடிகளிடத்துக் குறைவு. எனவே அவர்களெல்லாம் ஆசியாவினின்று ஒரே அலையாக வந்தாரல்லர் என்பது அவர் கருத்து.

இன்னும் பழமைக்குச் செல்லும் வழக்கொன்று உண்டு. திபெத்திய மேட்டுநிலத்துக் குகையொன்றில் 1980இல் துறவியொருவர் கண்டெடுத்த தாடையெலும்பு, குறைந்தது 1,60,000 ஆண்டுப் பழமையுடைய தெனிசோவ மாந்தரது என 2019இல் அறிவிக்கப்பட்டது. அதன் இரண்டாம் பெருங்கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூன்று! ஆசியர் வாயிலுள்ள மூன்றாம் வேர் அம்மாந்தரோடு கலந்ததனால் வந்ததென்று பெய்லி முதலியோர் அவ்வாண்டே வாதித்தனர். அடுத்த ஆண்டே ஸ்காட் முதலியோர் மறுத்தனர்: வேர் மூன்றாயிருத்தல் ஒன்றே போதாது, அது எவ்விடத்தில் எவ்வாறு கிளைத்தது என்பதையும் காணவேண்டும், இவ்விரண்டும் ஒரே வேரல்ல என்றனர்.