விசில் அடிக்கும் லேப்டாப்

கேள்வி: 2017-ல் வாங்கிய லேப்டாப். ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. மகள் அரை மணி நேரம் டேலி பழகினால் அடிப்பக்கம் கை வைக்க முடியவில்லை. ஃபேன் விசில் அடிக்கிறது, சில நாள் தானாகவே அணைந்துவிடுகிறது. கடையில் காட்டினால், "போர்டு போகப்போகுது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வேறு வழியே இல்லையா சார்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசரப்பட்டுப் புதுசு வாங்கிவிடாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த லேப்டாப் காலையில் ஆன் செய்ததுமே இழுக்கிறது என்றால், அதற்குச் சூடு காரணமில்லை. அரை மணிக்குப் பிறகு வருகிற இழுப்புதான் சூட்டின் வேலை.

முதலில் சூடு. இந்த வகை பிராசசர்களுக்கு வெப்ப வரம்பு சுமார் 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் லேப்டாப் அணைந்துவிடும். ஆகவே உங்கள் லேப்டாப் தானாக அணைவதை வைத்து மட்டும் போர்டு போச்சு என்று சொல்லிவிட முடியாது. அது எரிந்துவிடாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

அடி மூடியைக் கழற்றி, ஃபேனுக்கும் காற்று வெளியேறும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். நான் திறந்து பார்த்த பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் தூசி பழைய கம்பளித் துண்டு மாதிரி திரண்டு, வழியை முழுக்க அடைத்துக் கிடக்கும். மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்துகிற வீடென்றால் பஞ்சும் தலைமுடியும் கூடுதல். வெளியிலிருந்து ஊதினால் அது அசையாது. ஃபேனைக் கழற்றி, சிறிய இடுக்கியால் ஒரே துண்டாக உரித்தெடுக்க வேண்டும். மிச்சத்தை பிளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கை சுழலாதபடி ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்வது நல்லது. கண்டபடி சுழன்றால் பேரிங் கெட்டு, விசில் நிரந்தரமாகிவிடும்.

திறந்த கையோடு தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள். இத்தனை வருஷத்தில் அது காய்ந்து பொருக்காகியிருக்கும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒரு துவரம்பருப்பு அளவு புதிது வைத்தால் போதும். தாராளமாகப் பூசினால் கூடுதலாகக் குளிரும் என்று நினைப்பது தவறு. கூலிங் பேட் இப்போதைக்கு வேண்டாம். உள்ளே அடைப்பு இருக்கும்போது அது மூக்கடைத்தவனுக்கு விசிறி வீசுகிற கதைதான்.

அடுத்து, காலை நேரத்து இழுப்பு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற இடத்தில் 100% என்று நெடுநேரம் நின்றால், இழுப்புக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்தான். உள்ளே தட்டு சுழன்று, முள் நகர்ந்து தேடி எடுக்கிற சாதனம் அது. அதற்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய எஸ்எஸ்டியில் சுழல எதுவுமில்லை, கேட்டதும் கொடுக்கும். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி உங்களுக்குத் தாராளம். இடமிருந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். மாற்றுவதற்கு முன் போட்டோக்களையும் டேலி டேட்டாவையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒரு குறை மட்டும் தீராது. 2017-ன் ஐ3-க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டேலி தேவையில்லை என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போடச் சொல்லியிருப்பேன். இப்போதைக்கு மகள் டேலி பழகட்டும், ஆதரவு முடிந்துவிட்டதால் பேங்க் வேலைகளை இதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் லேப்டாப்பை மேஜையில் வைத்துப் பாருங்கள். டச்பேட் மேலே உப்பியிருக்கிறதா, மூடி இடைவெளி விடுகிறதா, ஒரு மூலை ஆடுகிறதா? இதில் ஏதாவது இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அப்படியானால் அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அன்றைக்கே பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிடுங்கள்.